மேக்கப், சருமப் பராமரிப்பு: விற்காதவரிடம் யோசனை கேட்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஒரு பெரிய கடையின் அழகுசாதனப் பிரிவில் ஏழு வருடம் நின்று விற்றிருக்கிறேன். வேலையை விட்டு நாளாகிவிட்டது, கேள்விகள் மட்டும் நிற்கவில்லை. சித்தி மகள், பக்கத்து வீட்டு அக்கா, அவர்களுடைய தோழிகள் என்று வாரத்துக்கு நாலைந்து பேராவது ஒரு டியூப்பின் படத்தை அனுப்பி "இதை வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். இன்று நான் எந்தக் கம்பெனியின் பொருளையும் விற்பதில்லை, யாரிடமும் பணமோ சாம்பிளோ வாங்குவதில்லை. இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. யோசனை சொல்லும் யாரிடமும் நீங்கள் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

கடையில் கவுண்டரில் நிற்கிற பெண்ணிடம் கேட்டால் போதாதா?

அவருக்கு நிறையவே தெரியும். ஆனால் தெரிந்ததெல்லாம் ஒரு கம்பெனியின் அலமாரிக்குள் அடங்கிவிடும். பெரிய கடைகளில் பிராண்ட் கவுண்டரில் நிற்பவர்களுக்குப் பெரும்பாலும் சம்பளம் கொடுப்பது அந்த பிராண்ட்தான், கடை இல்லை. மாதாமாதம் டார்கெட் இருக்கும். அதைத் தொட்டால் இன்சென்டிவ். புதிதாக இறங்கிய பொருளை விற்றால் அதற்குத் தனியாக.

ஒரு மாதக் கடைசியில் கல்லூரிப் பெண் ஒருத்தி வந்தாள். கன்னம் இரண்டும் சிவந்து, மூக்கோரம் தோல் வெள்ளை வெள்ளையாக உரிந்திருந்தது. தினமும் ஸ்க்ரப், அதற்கு மேல் அமிலம் கலந்த டோனர், ராத்திரி வைட்டமின் சி சீரம் என்றாள். "எல்லாவற்றையும் இரண்டு வாரம் நிறுத்து. மாய்ஸ்சரைசர் மட்டும் போடு" என்பதுதான் அவளுக்குச் சொல்ல வேண்டியது. எனக்கு அது நன்றாகத் தெரியும். என் டார்கெட்டுக்கு இரண்டு பீஸ் குறைந்தது. இன்னொரு சீரமும் நைட் கிரீமும் பில் போட்டுக் கொடுத்தேன். "தேங்க்ஸ் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த உரிந்த மூக்கோரம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

கவுண்டருக்குப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. டெஸ்டரைத் தொட்டுப் பார்க்கவும், வாசனை பிடிக்கிறதா, பிசுபிசுக்கிறதா என்று அறியவும், ஷேடு பார்க்கவும் அதைவிட நல்ல இடம் கிடையாது. சாம்பிள் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். "யோசித்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். அங்கே நிற்கும் பெண் தப்பாக நினைக்க மாட்டாள், ஒரு நாளைக்கு நாற்பது முறை கேட்ட வார்த்தைதான் அது.

அப்படியானால் யாரிடம்தான் கேட்பது?

கேள்வியைப் பொறுத்தது. பரு, மங்கு, அரிப்பு, தேமல், திடீரென்று வந்த நிறமாற்றம் என்றால் தோல் டாக்டர். கண் மை கலைகிறது, லிப்ஸ்டிக் பொருந்தவில்லை, முகத்தில் திட்டுத் திட்டாக நிற்கிறது என்றால் மேக்கப் கலைஞர். இரண்டையும் ஒரே ஆளிடம் கேட்பதில்தான் பாதிக் குழப்பம் ஆரம்பிக்கிறது.

மேக்கப் கலைஞரிடம் போகும்போது அவருடைய நேரத்துக்குக் காசு கொடுங்கள், பொருளுக்குக் கொடுக்காதீர்கள். செல்ஃப் மேக்கப் கிளாஸ் என்று தனியாளுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் சொல்லிக்கொடுப்பவர்கள் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்: "என்னிடம் இருப்பதை வைத்தே சொல்லித் தருவீர்களா? நீங்கள் எதுவும் விற்பீர்களா?" வீட்டில் இருக்கும் மேக்கப் பையை அப்படியே எடுத்துப்போய் அவர் முன்னால் கொட்டுங்கள். நல்லவராக இருந்தால் எது கெட்டுப்போனது, எது உங்கள் நிறத்துக்கு ஆகாது, எதை வேறு விதமாகப் போட்டால் சரியாகும் என்று பிரித்து வைப்பார். பார்த்த உடனே "இதெல்லாம் வேஸ்ட், புது கிட் வாங்குங்கள்" என்பவர் பாடம் எடுக்க வந்தவர் இல்லை.

'ஸ்கின் கிளினிக்' என்று போர்டு இருந்தால் தோல் டாக்டர்தானே?

இல்லை. எம்.பி.பி.எஸ். முடித்து, தோல் மருத்துவத்தில் எம்.டி., டி.டி.வி.எல்., டி.என்.பி. இவற்றில் ஒன்று படித்தவர்தான் தோல் மருத்துவர். 'காஸ்மெட்டாலஜிஸ்ட்', 'ட்ரைகாலஜிஸ்ட்', 'ஸ்கின் எக்ஸ்பர்ட்' என்ற பெயர்களைச் சில வார கோர்ஸ் முடித்தவர்களும் போட்டுக்கொள்கிறார்கள். டாக்டரின் பதிவு எண்ணைக் கேட்பதில் தவறே இல்லை. தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கும்.

படித்த டாக்டர்களிலும் சிலர் தங்கள் கிளினிக்கிலேயே கிரீமும் ஃபேஸ்வாஷும் விற்கிறார்கள். அதனாலேயே அவர் சொல்வது தப்பென்று ஆகிவிடாது. மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள், "வெளியில் வாங்கிக்கொள்ளலாமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தயங்காமல் "தாராளமாக" என்பவரிடம் அடுத்த முறையும் போகலாம்.

காசு ஒரு பிரச்சினை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, மதுரை ராஜாஜி போன்ற இடங்களில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. காலையில் ஓ.பி. சீட்டுப் போட்டுக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். உங்களுக்கு எதையும் விற்க வேண்டிய அவசியமே இல்லாத டாக்டர் அங்கே இருக்கிறார். பக்கச்சார்பில்லாத யோசனை வேண்டும் என்பவர்கள் இந்த வரிசையை ஏன் மறந்துவிடுகிறார்கள் என்று எனக்கு எப்போதும் ஆதங்கம்தான்.

பார்லர் அக்கா சின்ன டப்பாவில் ஒரு கிரீம் கொடுத்தார். ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. தொடரலாமா?

தயவுசெய்து வேண்டாம். இந்தப் பக்கத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

ஒரு வாரத்தில் பளிச்சென்று காட்டுவது பெரும்பாலும் இரண்டு பொருள்கள்: ஸ்டீராய்டு, அல்லது பாதரசம்.

ஸ்டீராய்டு கிரீம் நல்ல மருந்துதான். கரப்பானுக்கும் அலர்ஜிக்கும் டாக்டர் சொன்ன இடத்தில், சொன்ன நாள் மட்டும் போட்டால் நோய் தீரும். அதையே முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் முதலில் நிறம் தெளியும், அப்புறம் தோல் மெலியும். கன்னத்தில் ரத்தக் குழாய்கள் சிலந்தி வலை மாதிரி தெரியும். பரு கொத்துக் கொத்தாக வரும், முகத்தில் முடி வளரும், வெயிலில் போனால் எரியும். நிறுத்தினால் எல்லாம் இன்னும் மோசமாகத் திரும்பும். பயந்துபோய் மறுபடி அதையே பூசுவார்கள். இந்தியாவில் பல ஊர்த் தோல் சிகிச்சைப் பிரிவுகளுக்கு முகப் பிரச்சினையோடு வந்தவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2011இல் வெளியானது. அதில் பார்த்த 2,926 பேரில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேருக்கும் மேல் அதை டாக்டர் அல்லாத யாரோ ஒருவர் பேச்சைக் கேட்டு ஆரம்பித்தவர்கள். 2018இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் மெடிக்கல் ஷாப்பில் "முகத்துக்கு நல்லதா ஒரு கிரீம் கொடுங்கண்ணே" என்றால் இன்றும் கைக்கு வந்துவிடுகிறது.

போன மாதம் ஒரு பெண் அனுப்பிய டியூப்பின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்பக்கம் பூப்படம் எதுவும் இல்லை, வெறும் பெயர்தான். பின்பக்கம் பொடி எழுத்தில் மூன்று சொற்கள்: ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன். மூன்றாவதுதான் ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டாசால், ஃப்ளூசினோலோன் என்று இருந்தாலும் அதே கதைதான். அவள் அதை எட்டு மாதமாக, பவுடர் போடும் முன் பூசிக்கொண்டிருந்தாள். அப்படிப் பழகியவர்கள் ஒரே நாளில் தாங்களாக நிறுத்தாமல் தோல் டாக்டரைப் பார்த்துக் குறைத்துக்கொண்டு வருவது நல்லது. அவளையும் அனுப்பியிருக்கிறேன்.

பாதரசம் இன்னும் ஆபத்து, அது சிறுநீரகத்தைத் தாக்கும். டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014இல் 32 ஃபேர்னஸ் கிரீம்களைப் பரிசோதித்து, 14இல் பாதரசம் இருப்பதாகச் சொன்னது. கேரளத்தில் மலப்புரம் பக்கம் கோட்டக்கல்லில், சிவப்பழகு கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு வந்ததை மருத்துவர்கள் 2023இல் வெளியில் சொன்னார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது? டப்பாவில் தயாரித்தவர் முகவரி, உரிம எண், உட்பொருள் பட்டியல் எதுவும் இல்லையென்றால் தூக்கிப் போடுங்கள். 'மெர்குரி', 'கலோமெல்' என்ற சொற்கள் இருந்தாலும் அப்படியே. "தங்கம், வெள்ளி நகையில் படாமல் பூசவும்" என்று எழுதியிருந்தால் அது பாதரசத்துக்கான அடையாளம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது.

யூடியூபிலும் ரீல்ஸிலும் சொல்பவர்களை நம்பலாமா?

சிலரை நம்பலாம். யாரை என்பதற்குச் சட்டமும் விளம்பர விதிகளும் கொஞ்சம் உதவுகின்றன. 2021 ஜூன் முதல் இந்திய விளம்பரத் தர நிர்ணய கவுன்சிலின் விதிப்படி, காசு வாங்கினாலும் இலவசமாகப் பொருள் வாங்கினாலும் அது விளம்பரம் என்று பதிவிலேயே தெரியும்படி போட வேண்டும். 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் துறையும் இதையே வழிகாட்டுதலாக வெளியிட்டது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் தோன்றுபவருக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம், திரும்பவும் செய்தால் 50 லட்சம் வரை.

ஆனால் பலர் அந்த வார்த்தையை இருபது ஹேஷ்டேகுக்கு நடுவே ஒளித்துவிடுகிறார்கள். ஆகவே வீடியோவுக்குக் கீழே பாருங்கள். தள்ளுபடி கோட் இருக்கிறதா? வாங்கும் லிங்க் இருக்கிறதா? இருந்தால் நீங்கள் வாங்கும்போது அவருக்குப் பங்கு போகிறது. அப்படி இருப்பவர் பொய்தான் சொல்வார் என்று இல்லை. அவர் பேச்சை ஒரு விற்பனையாளர் பேச்சாக எடைபோடுங்கள். நான் பார்ப்பது முடித்த டப்பாக்களைக் காட்டும் வீடியோக்களைத்தான். ஒரு பொருளைக் கடைசிச் சொட்டு வரை பயன்படுத்தியவர் ஆறு மாதம் கழித்துச் சொல்வது வேறு, பார்சலைப் பிரித்த அன்றே "வாவ்" என்பது வேறு.

இன்னொன்று. யோசனை சொல்பவர் நாளைக்கு விற்பவராக மாறலாம். அமெரிக்காவில் பவுலா பெகூன் என்றொருவர் அழகுசாதனக் கம்பெனிகளின் பொய் வாக்குறுதிகளை ஒவ்வொன்றாக எழுதிக் கிழித்தே பெயர் பெற்றவர். 1995இல் தன் பெயரிலேயே பொருள்கள் விற்கத் தொடங்கினார். அந்த பிராண்டை 2021இல் யூனிலீவர் வாங்கியது. அவர் எழுதியதில் உபயோகமானது நிறைய உண்டு. ஆனாலும் கடை போட்ட பிறகு அவர் மற்ற கம்பெனிப் பொருள்களைப் பற்றிச் சொன்னதை வாசகர்கள் வேறு கண்ணோடுதான் படிக்க வேண்டியிருந்தது. நம் ஊர் யூடியூப் பெண்கள் சொந்த பிராண்ட் தொடங்கும்போதும் இதே கதைதான்.

ஆப்பில் செல்ஃபி எடுத்தால் சரும மார்க் போட்டு, என்ன வாங்க வேண்டும் என்று சொல்கிறதே?

அந்த ஆப்பை நடத்துவது யார் என்று பாருங்கள். கடைசித் திரையில் 'கார்ட்டில் சேர்' என்ற பொத்தான் இருந்தால், அதுவும் ஒரு கவுண்டர்தான். வெளிச்சம் மாறினால் மார்க்கும் மாறும். காலையிலும் மாலையிலும் எடுத்துப் பாருங்கள், தெரியும்.

ஃபவுண்டேஷன் ஷேடு எப்போதும் தப்பாகிறது. கடையில் சரியாகத்தான் தெரிந்தது!

கடை விளக்கு ஒரு காரணம். இன்னொரு காரணம், விற்பவர்களில் பலர் கேட்காமலேயே ஒரு ஷேடு வெளுப்பாக எடுத்துக் கொடுப்பது. "கொஞ்சம் பிரைட்டா இருக்கும் மேடம்" என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன், அப்படித்தான் பழக்கினார்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், நடுவில் சாம்பல் பூசியது மாதிரி ஒரு கோடு.

கையில் தடவிப் பார்க்காதீர்கள். தாடை எலும்பின் மேல், கழுத்துக்கு இறங்கும் இடத்தில் அடுத்தடுத்த மூன்று ஷேடுகளைச் சின்னக் கோடாக இழுக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடம் விடுங்கள், சில வகைகள் காற்றுப் பட்டதும் கருக்கும். அப்புறம் கடை வாசலுக்கு வந்து, பகல் வெளிச்சத்தில் செல்போன் கேமராவை வைத்துப் பாருங்கள். எந்தக் கோடு காணாமல் போகிறதோ அதுதான் உங்களுடையது. மூன்றும் தெரிந்தால் அந்த பிராண்டில் உங்கள் நிறம் இல்லை. குறை உங்கள் நிறத்தில் இல்லை, அவர்கள் செய்யவில்லை. 2017இல் ஃபென்டி பியூட்டி என்ற மேக்கப் பிராண்ட் ஒரே நேரத்தில் 40 ஷேடுகளோடு வந்த பிறகுதான் பெரிய கம்பெனிகள் பலவும் கருத்த நிறங்களுக்கு வரிசையை நீட்டின. அதனால் 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க' என்பதை ஏற்க வேண்டிய காலம் போய்விட்டது.

'டெர்மட்டாலஜிக்கலி டெஸ்டட்', 'ஹைபோஅலர்ஜெனிக்', 'நேச்சுரல்' என்றால் நம்பி வாங்கலாமா?

இந்த வார்த்தைகளை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒரு டாக்டர் மேற்பார்வையில் சோதித்தோம் என்பது, சோதனையில் என்ன வந்தது என்பதைச் சொல்லவில்லையே. டப்பாவைத் திருப்பி உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். அளவில் அதிகமானது முதலில் வரும், ஒரு சதவீதத்துக்குக் கீழே உள்ளவை எந்த வரிசையிலும் வரலாம். முன்பக்கம் பெரிதாகக் குங்குமப்பூ படம் போட்டிருக்கும், பட்டியலில் அது வாசனைப் பொருளுக்கும் பின்னால் இருக்கும்.

நமக்குப் பழகியது எல்லாம் பாதுகாப்பு என்பதும் இல்லை. ஸ்டிக்கர் பொட்டின் பசையில் உள்ள ஒரு ரசாயனம் சிலருக்கு நெற்றியில் பொட்டு அளவுக்கே வெள்ளைத் தழும்பை உண்டாக்கும். தோல் டாக்டர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் இது. பொட்டு வைக்கும் இடத்தில் அரித்தால் அன்றே நிறுத்துங்கள்.

புதுப் பொருளை எப்படிச் சோதிப்பது?

முழங்கையின் உட்புறத்தில் ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில், தினம் இரண்டு வேளை, ஏழு முதல் பத்து நாள். அரிப்போ சிவப்போ வரவில்லை என்றால் முகத்துக்கு. ஒரே நேரத்தில் இரண்டு புதுப் பொருள் வேண்டாம், எது ஒத்துக்கொள்ளவில்லை என்றே தெரியாமல் போகும்.

உண்மையில் எத்தனை பொருள் வேண்டும்?

பெரும்பாலானவர்களுக்கு மூன்று போதும்: மென்மையான ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன். விலை அதிகமானது நல்லது என்பதும் இல்லை. சன்ஸ்கிரீனில் எஸ்.பி.எஃப். 30 ஏறக்குறைய 97 சதவீதம் புறஊதா பி கதிரைத் தடுக்கும், 50 தடுப்பது 98. எண்ணைவிட அளவுதான் முக்கியம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். மங்கு இருப்பவர்கள் நிறமேற்றிய சன்ஸ்கிரீனைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அதிலுள்ள இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கும், நம் மாதிரிக் கருத்த தோலில் மங்கை அதிகப்படுத்துவதில் அந்த ஒளிக்கும் பங்கு உண்டு.

கர்ப்பமாக இருக்கிறேன். என்ன நிறுத்த வேண்டும்?

ரெட்டினால், ட்ரெட்டினாயின், அடாப்பலீன், ஹைட்ரோகுயினோன் எதுவும் வேண்டாம். மற்றதை உங்களைப் பார்க்கும் மகப்பேறு டாக்டரிடம் பட்டியலாகக் காட்டிக் கேளுங்கள்.

மகளுக்குக் கல்யாணம். பார்லரில் மூன்று மாத பேக்கேஜ் எடுக்கச் சொல்கிறார்கள்.

பேக்கேஜில் என்னென்ன செய்வார்கள், எந்தப் பொருளைப் பூசுவார்கள் என்று எழுதி வாங்குங்கள் அம்மா. 'பீல்', 'லேசர்' என்று ஏதாவது இருந்தால் அதைச் செய்யப்போவது டாக்டரா என்று கேளுங்கள், பார்லரில் வேண்டாம். பொண்ணுக்கு முகத்தில் தொந்தரவு எதுவும் இல்லையென்றால் இந்தச் செலவே தேவையில்லை. முகூர்த்தத்துக்கு முந்தைய ஒரு மாதத்தில் புதிதாக எதையும் ஆரம்பிக்காதீர்கள். அந்தப் பணத்தில் ஒரு பங்கை மேக்கப் ட்ரையலுக்கு வையுங்கள். பகலில், முகூர்த்தப் புடவையின் நிறத்துக்குப் பக்கமான துணியைத் தோளில் போட்டுக்கொண்டு பாருங்கள்.

பொருளால் முகம் கெட்டுவிட்டது. யாரிடம் புகார் செய்வது?

முதலில் டாக்டர். டப்பா, பில், முகத்தின் படம் மூன்றையும் பத்திரமாக வையுங்கள். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. உரிம எண் இல்லாத கிரீம் என்றால் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடமும் எழுதிக் கொடுங்கள்.

யோசனை கேட்கப் போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

இப்போது முகத்தில் போடும் எல்லாம், தேங்காய் எண்ணெய் உட்பட. ஒவ்வொன்றும் எத்தனை வாரமாக என்ற குறிப்பு. மேக்கப் இல்லாமல், ஜன்னல் பக்கம் நின்று எடுத்த படம். சாப்பிடும் மாத்திரைகளின் பெயர். மாதம் எவ்வளவு செலவு செய்ய முடியும் என்ற தொகை, இதைக் கேட்காமலேயே சொல்லிவிடுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை என் சித்தி மகள் இப்படிப் பதினொரு டப்பாக்களை என் சாப்பாட்டு மேசையில் பரப்பினாள். மூன்று காலாவதியானவை. நாலு ஒரே வேலையைச் செய்பவை. ஒன்றில் உரிம எண்ணே இல்லை. மீதி மூன்றைப் பையில் போட்டுக் கொடுத்து, ஆறு வாரம் கழித்து அதே ஜன்னலில் நின்று படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.